கயிறு கட்டிய பீப்பாய்

டிகோரி ரோஸ்வார்னுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடல் கொண்டுவரும் சாமான்களைப் பற்றிய சட்டம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கார்ன்வால் கரையில் நண்டுக்கூடை போட்டுப் பிழைத்த எங்கள் ஆட்கள் அவனைக் கேட்காமல் ஒரு பலகையைக்கூட வீட்டுக்குத் தூக்கிப் போனதில்லை. உடைந்த கப்பலிலிருந்து தானாக மிதந்து வருவது ஃப்ளாட்சம். பாரம் குறைக்க மாலுமிகள் தூக்கி எறிவது ஜெட்சம். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடு, கேட்பவன் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பான். மூன்றாவதுதான் லேகன்: பிறகு வந்து எடுத்துக்கொள்வதற்காக மிதவை கட்டிக் கடலுக்குள் இறக்கியது. அதற்குச் சொந்தக்காரன் இருக்கிறான், தொட்டவன் திருடன்.

அந்த மூன்றாவதன்மேல் அவனுக்கு இருந்தது மரியாதை அல்ல, பயம். அவன் தம்பி ஹானிபல் அப்படி ஒரு மிதவையை இழுத்து, நான்கு கட்டுத் துணியோடு பிடிபட்டு, கைதிக் கப்பலில் காய்ச்சல் கண்டு செத்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா?

பிப்ரவரியில் இரண்டு நாள் அடித்த புயல் ஓய்ந்த காலை, டிகோரியும் பக்கத்து வீட்டு ஸாக்கியும் படகெடுத்துப் போனார்கள். பாறைத்திட்டில் ஏதோ ஒரு கப்பல் உடைந்திருந்தது. என்ன கப்பல் என்று தெரியாது. யாரும் கரையேறியதாகவும் தகவல் இல்லை. கடலெங்கும் பலகைகள். நடுவே ஒரு தார்ப்பீப்பாய், பாதி அமிழ்ந்து கிடந்தது. அதன் வயிற்றைச் சுற்றிய கயிறு நேராகக் கீழே போனது.

ஸாக்கிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கீழே பிராந்திதான் என்றான். டிகோரி குனிந்து கயிற்றைப் பிடித்து ஒரு முழம் இழுத்தான். கனமாக வந்தது. முடிச்சைப் பார்த்தான், தொழில் தெரிந்தவன் போட்ட முடிச்சு.

"இது லேகன். நமக்கு வேண்டாம்."

"யாரு பாக்கப்போறா அண்ணே? ஒரு கடல்காக்காகூட இல்ல."

"என் தம்பி இழுத்தப்பவும் யாரும் பாக்கலன்னுதான் நெனச்சான்."

கையை விட்டான். இந்த நீதிமானோடு படகேறினால் கஞ்சிகூடக் கிடைக்காது என்று கரை சேரும்வரை ஸாக்கி முனகிக்கொண்டே வந்தான்.

மறுநாள் மதியம் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. கப்பலின் சமையற்காரன் ஒருவன் மட்டும் உயிரோடு ஒதுங்கியிருந்தான். அவன் சொல்லித்தான் டிகோரியின் ஒரே மகன் ஜேகோவும் அதில் இருந்தது தெரிந்தது. பிரிஸ்டலில் வேலையாயிருக்கிறான் என்று நினைத்திருந்த பிள்ளை, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குக் கிளம்பி வந்திருக்கிறான். டிகோரியும் மனைவி லவ்டேயும் விழுந்தடித்து ஓடினார்கள். பாய்மரம் முறிந்ததும் ஜேகோ ஒரு தார்ப்பீப்பாயில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டானாம்.

தார்ப்பீப்பாய் என்றதுமே டிகோரி கடல் பக்கம் திரும்பினான்.

"குளிர்ல கை விட்டுப்போனாலும் கயிறு விடாதுன்னான்" என்றான் சமையற்காரன். "செத்தாலும் பரவாயில்ல, விடிஞ்சா எங்கப்பா இந்தப் பக்கந்தான் வருவாரு, எங்கம்மாகிட்ட கொண்டுபோய்ச் சேத்துருவாருன்னான்."

லவ்டே கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த உடம்பைக் கொண்டுவந்து கொடுங்கள், மண்ணுக்குள் வைத்துக்கொள்கிறேன். ஊரே படகெடுத்துத் தேடியது. டிகோரி மூன்று நாள் கரைக்கு வராமல் தேடினான், பாவி மனுஷன். நான்காம் நாள் பீப்பாய் மட்டும் மணலில் கிடந்தது. கயிறு பாறையில் தேய்ந்து அறுந்திருந்தது. பிள்ளை கிடைக்கவே இல்லை.

ஸாக்கி வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுக்கு நல்லவன். டிகோரியும் மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை.

"நான் இதைப் பாத்தேன் லவ்டே. அன்னிக்குக் காலையில. கயித்தைப் பிடிச்சு இழுத்தேன்."

"அப்புறம்?"

"கனமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவள் கத்தவில்லை. அடிக்கவில்லை. கேட்டது இதுதான்:

"எந்தக் கையால?"

அவன் வலது கையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அவன் வலது கையால் நீட்டிய எதையும் அவள் வாங்கவில்லை. அவனும் இடது கையால் நீட்டப் பழகிக்கொண்டான்.