ரோல் முடிந்தால்தான் கழுவ முடியும்

போட்டோ ஸ்டுடியோக்காரனுக்கு ஊரில் எல்லோருடைய முகமும் தெரியும், ஆனால் அதெல்லாம் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இருந்த முகம்.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கடை என்று ஒன்றைத் திறந்து வைத்து, வந்தவர் போனவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை போன பக்கம்

அப்போது ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பன்னிரண்டும் எடுத்து முடித்தால்தான் இருட்டறைக்குப் போய்க் கழுவ முடியும். "என் படத்தை மட்டும் கழுவிக் குடுங்க" என்று கேட்பவர்களிடம், ஒரே பானைச் சோற்றில் ஒருவர் பங்கை மட்டும் எப்படி முன்னால் வேகவைப்பது என்று கேட்பேன். பாதியில் வெட்டிக் கழுவலாம்தான். ஆனால் இருட்டில் கைத்தடவலாக வெட்ட வேண்டும்.

ஒருமுறை அவசரம் என்றார்களே என்று வெட்டினேன். தீர்த்தமலையில் கலியாணம் முடித்து நேராக வந்து நின்ற ஜோடி ஒன்று அந்த ரோலில் இருந்தது. கத்தரிக்கோல் மாப்பிள்ளை நின்ற பக்கமாகப் போய்விட்டது. பெண் முழுசாக இருந்தாள், அவள் தோளைத் தொட்டபடி ஒரு சட்டைக் கை மட்டும் இருந்தது. உதை விழும் என்று நினைத்துக்கொண்டே படத்தை நீட்டினேன். பெண்ணின் அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எம் பொண்ணு நல்லா வுழுந்திருக்குதுங்க. மாப்ளை எப்புடியும் எங்க வூட்டுலதான் இருக்கப் போறாரு, நேர்லயே பாத்துக்கறோம்" என்றார்.

முந்திப் பூத்த மரம்

அதற்குப் பிறகு யார் வந்து அழுதாலும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஜூன் மாதம் அதனால் தொல்லை இல்லை. பிளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், காலையில் போட்ட ரோல் மத்தியானம் முடிந்துவிடும். ஏப்ரலில் ஈ ஓட்டுவேன்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஏப்ரலில்தான் எதிர்வாடை இரும்புக்கடை காதர் பாய் தன் மகள் பர்வீனை அழைத்துக்கொண்டு வந்தார். பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. வெளி மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டும். பர்வீனுக்கு அங்கே இயற்பியல் படிக்க ஆசை. நாடு முழுக்க விழுந்தடித்துக் கேட்கும் இடம் அது. மார்க் வருவதற்கு முன்னாலேயே, ஏப்ரல் பாதிக்குள் விண்ணப்பித்தால் முதல் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இடம் கிடைத்தால் அசல் சான்றிதழ்களை உடனே ஒப்படைத்துவிட வேண்டும், வேறு எங்கேயும் போக முடியாது. பாய்க்கு மகள் டாக்டராக வேண்டும். மெடிக்கல் சீட்டுக்கு மார்க் வரும்வரை பொறுத்தால் அங்கே இடம் மிஞ்சாது. அங்கே போய்விட்டால் மெடிக்கல் போய்விடும்.

நான் ஸ்டூலைச் சரி செய்து, விளக்கைப் போட்டு, படத்தை எடுத்தேன். ரோலில் அதுதான் முதல் படம். விளக்கை அணைக்கும்வரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

"முந்திப் பூக்கற மாமரம் பனியில கொட்டிப் போயிடும்மா. மார்க் வரட்டும், பொறுமையா முடிவு பண்ணலாம்" என்றார் பாய்.

பர்வீன் முகத்தில் போட்ட பவுடரைத் துடைத்துக்கொண்டே, "கொட்டாம நின்ன காய்தானே அத்தா சந்தையில மொதல்ல விக்குது" என்றாள்.

இரண்டு பக்கமும் இடி

மறுநாள் பாய் தனியாக வந்தார். குரலைத் தாழ்த்தி, "அவசரப்பட்டுக் கழுவிடாதீங்க. நான் இன்னும் யோசிச்சு முடிக்கல" என்றார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பர்வீன் வந்தாள். "அண்ணே, சீக்கிரம் கழுவிடுங்க. தேதி போயிடும்" என்றாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் கொஞ்சம் கெட்டிக்கார மத்தளம். ரோல் முடியவில்லை என்று இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். அது பொய்யும் இல்லை. பாய்க்கு முகத்தில் நிம்மதி தெரிந்தது. பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்கத்து ஊர் அரூருக்குப் போனாலும் ஸ்டுடியோக்காரன் இதையேதான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாய் எதிர்க்கடைக்காரர், தினமும் முகத்தில் விழிக்க வேண்டும். அவள் வாசல்படியில் இறங்கியவள் திரும்பி நின்று கேட்டாள். "ஆள் வந்து ரோல் முடிஞ்சா கழுவித்தானே ஆகணும்ணே?"

கொழுவோடு நின்றவர்கள்

அடுத்த நாளிலிருந்து என் கடைக்கு என்னவோ யோகம் அடித்தது. வருகிறவர்கள் கையில் எல்லாம் இரும்பு. ஒருவர் புது மண்வெட்டியோடு வந்தார். இன்னொருவர் தாழ்ப்பாளும் ஆணிப் பொட்டலமுமாக வந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று சாமிக்கு ஊதுவத்தி கூடுதலாக ஏற்றினேன்.

சித்தேரி மலையிலிருந்து சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கிய ஒரு விவசாயியும் அவர் வீட்டுக்காரம்மாவும் வந்தார்கள். ஏருக்குப் புதுக் கொழு வாங்கியிருந்தார்கள். அதைக் கீழே வையுங்கள் என்றால் அந்தம்மா வைக்க மாட்டேன் என்றார். புதுசாக வாங்கியது படத்தில் தெரிய வேண்டாமா என்று குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். எடுத்து முடித்தபின், எதற்காகப் படம், ரேஷன் கார்டுக்கா என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்களுக்கு எதுக்குங்க படம்? இரும்புக்கடைப் பாப்பா தூரதேசம் படிக்கப் போவோணுமாம், ஆள் பத்தல, போயி நில்லுங்கன்னு கெஞ்சுச்சு. நிக்கறதுல எங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

கடைசிப் படம்

பாய் யோசிப்பதற்காக மசூதிக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் கல்லாவில் மகள்தான் இருந்திருக்கிறாள். ஆணி கேட்டவருக்கு ஆணியும், அதோடு என் கடைக்கு வழியும் கொடுத்திருக்கிறாள்.

தேதி நெருங்கிவிட்ட ஒரு சாயங்காலம் பாய் வந்தார். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எதுவும் செய்யவில்லை பாய், வந்தவர்களை எடுத்தேன் என்றேன்.

"தெரியுமுங்க. எல்லாம் எங்கிட்டயே வந்து சொல்லிட்டுத்தான் போறாங்க" என்றார். பிறகு, "டாக்டருக்குப் படிச்சா சேலத்துலயோ கோயமுத்தூர்லயோ இருப்பா. நெனச்சா பஸ் ஏறிப் போயிப் பாத்துடலாம். அவ்ளோதாங்க என் கணக்கு" என்றார். இத்தனை நாளும் அவர் பயந்தது மார்க்குக்கும் இல்லை, மாம்பூவுக்கும் இல்லை. நான் காமிராவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ரோலில் இன்னும் எத்தனை மீதி என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார். "என்னையப் புடிங்க. ஹாஸ்டல்ல புள்ளையப் பாக்கப் போனா அப்பன் போட்டோவும் வேணுமாமுல்ல" என்றார்.

வராண்டாவில் நின்றவர்

அன்றைக்கே கழுவினேன். பர்வீன் படத்தில் கை வைக்கவில்லை, அந்த முகத்துக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பாய் படத்தில்தான் சந்தோஷம் தாங்காமல் டச்சிங் கொஞ்சம் கூடிப்போயிற்று. நெகட்டிவில் பென்சிலால் நெற்றிச் சுருக்கத்தை எடுத்தேன், பிரிண்டில் தூரிகையால் தாடி நரையைக் கறுப்பாக்கினேன். அவளுக்கு முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது. பாய் கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

மழைக்காலத்தில் மகளைப் பார்க்கப் போய்த் திரும்பியவர் நேராக என் கடைக்கு வந்தார். ஹாஸ்டல் வாட்ச்மேன் அனுமதி அட்டையில் ஒட்டியிருந்த படத்தையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது நீ இல்லை, உன் தம்பி என்று வராண்டாவிலேயே நிறுத்திவிட்டானாம். நான் பதறிப்போய், வாருங்கள் பாய், வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க, இதே இருக்கட்டும்" என்றார் அவர். "சத்தங்கேட்டு எம் பொண்ணு மாடியிலிருந்து ஓடியாந்து, அத்தனை பேர் நடுவுல 'இவர்தான் எங்க அத்தா'ன்னு சொன்னா. அடுத்த தடவையும் சொல்லட்டுமே."

என் தொழிலில் ஒழுங்காக விழுந்த படங்களுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை, சொதப்பின படத்துக்குத்தான் மாற்று வேண்டாம் என்று ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.