பூட்டியிருந்ததாம் எங்கள் வீடு

பெரியவளே, மாவட்டப் போட்டியில் நீ வெறுங்காலோடு ஓடி நான்காவதாக வந்த கதை உன் தம்பிக்கும் தெரியும். அதற்குப் பிறகு உங்கள் அப்பன் ஓடிய ஓட்டம் இருவருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பந்தயம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்குள் வந்துவிடும், தவறினால் டெலிவரிக் கட்டணம் வாபஸ் என்று கூரியர் கம்பெனியில் உறுதி சொன்னார்கள். கூடுதலாகக் கட்டி, நீ ஓடுவதற்கு ஸ்பைக் ஷூ வரவழைத்தேன். வந்தது அடுத்த திங்கட்கிழமை. நீ பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

"லேட்டா ஆர்டர் போட்டீங்களாப்பா?"

சுருக்கென்றது. "தப்பு அவங்களுதும்மா. அவங்க வாயாலயே சொல்ல வெக்கறேன் பாரு" என்றேன்.

கூரியர் கம்பெனிக்கு எழுதினேன். புதன்கிழமையே ஆள் வந்தாராம்; வீடு பூட்டியிருந்ததாம். இண்டூர்ப் பக்கம் நம் தெருவில் எந்த வீட்டுக்குப் பூட்டு இருக்கிறது? காட்டு வேலைக்குப் போனால் சங்கிலியை மாட்டி ஒரு குச்சியைச் சொருகிவிட்டுப் போவோம். மாடு நுழையாமல் இருந்தால் போதும்.

தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், தாமதமான பார்சலுக்குப் பணம் மீட்டுத் தரும் ஆபீஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வருவதில் முப்பது பர்சென்ட் அவர்களுக்கு. டை கட்டிய ஒருவர் என் கதையைப் பாதி கேட்டார்.

"கவலப்படாதீங்க சார். வூட்டுக் கதவ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பூட்டே இல்லன்னு காட்டி அவங்களச் சாச்சிரலாம்."

உங்கள் அம்மாவிடம், "ஆபீசுக்கு நம்ம வாசக்கதவு போட்டோ வேணுமாம், எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டேன். காரணத்தைச் சொல்லாதது என் புத்திசாலித்தனம்.

திரும்பி வந்து படத்தைப் பார்த்தேன். வாசல் கழுவி, கோலம் போட்டு, கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு.

"ஆபீசுக்குப் போற போட்டோங்க. குச்சி சொருவன கதவப் பாத்தா நம்மள என்னன்னு நெனப்பாங்க? பால் சொசைட்டிப் பூட்ட அஞ்சு நிமிசம் வாங்கி மாட்டனேன்" என்றாள்.

டை கட்டியவர் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். வழக்கு நடத்தும் வேகம் அப்படி. பூட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அவர்கள் பதில் எழுதினார்கள்: 'ஆதாரம் அளித்தமைக்கு நன்றி.'

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நீதான் போனைப் பிடுங்கிக் கம்பெனிக்குக் கூப்பிட்டாய். பாட்டு போட்டார்கள், கேட்டாய். எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாய். கடைசியில் ஒரு பெண் குரல், பேச்சு பதிவாகிறது என்றது.

"நல்லதுங்க, பதிவு பண்ணிக்கோங்க. வெள்ளிக்கெழம நான் ஓடனேன். திங்கக்கெழம நீங்க வந்தீங்க. யாருங்க லேட்டு?"

கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "நாங்கதாம்மா லேட்டு. மன்னிச்சிரும்மா" என்றாள். கட்டணத்தைப் பற்றிக் கேட்டதற்கு மறுபடியும் பாட்டு போட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாய்.

மறுநாள் டை கட்டியவர் கூப்பிட்டார். "சார், கம்பெனிலருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"மன்னிப்பு வந்துச்சுங்க. அதுல முப்பது பர்சென்ட் எப்பிடி அனுப்பட்டும்?"