ஊளையிடும் தொப்பி

"மிதி. இன்னும் மிதி."

"மிதிச்சாச்சு. இதுக்கு மேல போனா ஆத்துலதான் போகணும்."

கருத்தப்பாண்டி முன் சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடிச் சட்டத்தின் மேல் கூரை வந்து அமரும் இடுக்கில் காதை ஒட்டியிருந்தான். பல்லிடுக்கில் ஒரு துண்டு டேப். ஸ்டியரிங் சூசையப்பன் கையில். சூசையப்பனும் ஜீப்காரன்தான், சிறுவயதுக் கூட்டாளி. ஆனாலும் இந்த ஜீப்பின் சாவி அவன் கைக்கு வந்தது இதுவே முதல் தடவை.

"எங்கடா கேக்குது?"

"எல்லா எடத்துலயும்."

"அப்ப எல்லா எடத்துலயும் ஒட்டு. உன் வாயிலயும் ஒட்டு."

வண்டிப்பெரியாறு தாண்டி வரும் நேரான சாலைத் துண்டில் போவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். முதலில் கூரையின் எல்லா இணைப்புகளையும் டேப்பால் மூடிவிடுவது. பிறகு ஒவ்வொன்றாக உரித்து ஓட்டிப் பார்ப்பது. எதை உரித்ததும் காற்றிரைச்சல் உள்ளே பாய்கிறதோ அங்கே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடிக்கு மேலிருந்ததை உரித்தபோது இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

இரைச்சல் பிடிபட்டது. ஊளை பிடிபடவில்லை. எல்லாவற்றையும் மூடியிருந்தபோதும் அது இருந்தது. வண்டி ஐம்பதைத் தொட்டதும் தொடங்கி, வேகம் ஏற ஏறக் குரலும் ஏறியது.

"இது காத்து இல்லடா, பேயி," என்றான் சூசையப்பன்.

"பேயின்னா பின்னாடி போயி உக்காரச் சொல்லு. முன் சீட்டு வேற ஆளுக்கு."

கருத்தப்பாண்டிக்கு நாற்பத்துநான்கு வயது. பீர்மேட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். ஒரு அறை, ஒரு அடுப்படி, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். அவன் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். அம்மா கொழுந்து கிள்ளினாள். அவன் போடிமெட்டு வழியாக ஏலக்காய் இறக்கும் லாரியில் கிளீனராகப் போனான், ஓட்டக் கற்றான், பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். காலையில் லயத்துப் பெண்களைக் குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் விடுவான். மாலையில் கூட்டி வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாக்காரர்களை மலைமேல் கொண்டுபோவான்.

சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்த ஜீப் வேண்டும். எழுந்து நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் சனிக்கிழமை மாலை நான்கு பேர் சேர்ந்து ஃபைபர் கூரையைக் கழற்றி லயத்துச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். ஞாயிறு மாலை திரும்ப ஏற்றி போல்ட் முறுக்குவார்கள். லயத்தில் அதற்குத் தொப்பி என்று பெயர். கழற்றி மாட்டியதில் ரப்பர் நசுங்கி, அங்கங்கே கிழிந்தது. கிழிந்த இடங்களில் கருத்தப்பாண்டி சாக்கை மடித்துச் செருகினான். சாக்கு மழையைத் தடுத்தது. காற்றைத் தடுக்கவில்லை.

ஜீப்பில் அவனாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. கண்ணாடிச் சட்டத்தின் இடது ஓரத்தில், கொடி செருக ஒரு சாண் இரும்புக் குழாய் பற்றவைத்திருந்தான். யூனியன் விழாவுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் அதில் கொடி ஏறும்.

மனைவி மாரீஸ்வரி கம்பத்துக்காரி. கல்யாணமான புதிதில் ஜீப்புக்குத் துணிக்கூரை இருந்தது. சாலை குண்டும் குழியுமாக இருந்ததால் வண்டி நடந்துதான் போகும். அவளும் கூடத்து வேலைக்குப் போவாள், முன் சீட்டில் இருப்பாள். லயத்தில் பேசமுடியாததையெல்லாம் போகும்போதும் வரும்போதும் பேசினார்கள். ஓர் ஆடி மாதம் துணி கிழிந்து, அவள் தொப்பலாக நனைந்து காய்ச்சலில் கிடந்தாள். அந்த மாதமே அவன் அலைந்து திரிந்து இந்தத் தொப்பியை வாங்கி மாட்டினான். அதே வருடம் சாலையும் நன்றாகி, வண்டி இரைச்சலோடு பறக்கத் தொடங்கியது. அதன் பிறகு அவள் நனையவில்லை. பேச்சு நின்றுபோனது.

கத்தினால் கேட்கும். கத்துவதற்குத் தகுந்த விஷயமாக இருக்கவேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று கத்தலாம். மற்றவை அவனுக்குள் கிடந்தன.

டேப் ஒட்டிப் பார்த்ததற்கு முந்தைய நாள் அடுப்படியில் அவள் சொன்னாள். கூடத்து முதலாளி, மேசை மேசையாக மேற்பார்வை பார்க்கும் பெண்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்திருக்கிறார். அவளும் மேற்பார்வைக்காரி.

"ஒண்ணாந் தேதியில இருந்து நான் வேன்ல போறேங்க. பகலெல்லாம் காதுக்குள்ள ஊளை நிக்கிது. மேசையில பிள்ளைக கூப்பிட்டாக்கூட கேக்க மாட்டேங்குது."

"சரி," என்றான். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சின்னத்தாய் பாத்திரம் விளக்குவதை நிறுத்தியிருந்தாள்.

வேன் வந்தால் முன் சீட்டில் வேறு யாராவது உட்காரப் போகிறார்கள். ஜீப் ஓடும். ஆனால் நாளில் அவளுக்குப் பக்கத்தில் அவன் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். பேசாவிட்டாலும் பக்கத்தில் இருந்தாள். கியர் மாற்றும்போது முழங்கை இடிக்கும். மறுநாள் காலையில் அவன் சூசையப்பனிடம் சாவியைக் கொடுத்தான்.

குமுளியில் புது ரப்பர் கிடைத்தது. சாக்கையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, சட்டத்தைச் சுரண்டித் துடைத்து, பசை தடவி ஒட்டினான். பசை காயும்வரை ரப்பர் நகராமலிருக்க மேலே டேப்பைச் சுற்றினான்.

"என்ன கொழுந்தனாரே, ஜீப்புக்கு மண்டையில அடியா? கட்டு பலமா இருக்கு." மறுநாள் காலையில் ஏறவந்த சின்னத்தாய் கேட்டாள். அவள் அவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. பின் சீட்டில் கதவோரம் அவளுடைய இடம்.

"ரப்பர் ஒட்டியிருக்கேன் மதினி. மேல கை வைக்காதீக."

வண்டி கிளம்பியது. கூட்டத்தில் இளையவள் சிசிலி முதலில் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, நெசமாவே கொறைஞ்சிருக்கு! சின்னத்தாயக்கா கொறட்டை கேக்குது."

"நான் எங்கடி தூங்குனேன்?"

"அப்ப அது மூச்சா?"

மாரீஸ்வரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய புருவம் இறங்குவதைக் கருத்தப்பாண்டி பார்த்தான். நேர்சாலை வந்தது. ஐம்பது. ஊளை எழுந்தது. இதுவரை இரைச்சலுக்குள் பதுங்கியிருந்தது இப்போது தனியாக, சுத்தமாகக் கேட்டது. பின்னால் பெண்கள் கூடச் சேர்ந்து ஊளையிட்டார்கள். மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை தொப்பியில் போல்ட் இல்லாமல் கிடந்த துளைகளையெல்லாம் தேடி, மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தான்.

மறுநாள் யூனியன் ஆண்டு விழா. ஸ்டாண்டில் எல்லா ஜீப்பிலும் கொடி. சூசையப்பன் இவன் வண்டியிலும் ஒன்றைச் செருகிவிட்டுப் போனான். நேர்சாலையில் கருத்தப்பாண்டி ஐம்பதைத் தொட்டான். அறுபதைத் தொட்டான். சத்தமே இல்லை. கொடி மட்டும் படபடத்தது.

"மெழுகு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். "மெழுகுதான்!"

குமுளியில் இறங்கியதும் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். மாலையில் வரும்போது பேசலாம் என்று நினைத்திருந்தான். வேலை முடிந்து விழாவுக்கும் போய் வந்த பெண்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள். பரவாயில்லை, நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது என்று அவனும் பாடினான்.

அதற்கடுத்த நாள் மாதத்தின் கடைசி நாள். கொடியைச் சூசையப்பன் எடுத்துப் போயிருந்தான். நேர்சாலையில் ஐம்பதைத் தொட்டதும் ஊளை பழையபடி எழுந்தது.

பின் சீட்டில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னத்தாய், "தின்ன பழம்பொரியத் திருப்பிக் குடுக்கணுமா கொழுந்தனாரே?" என்றாள்.

ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினான். துளை துளையாக விரலை வைத்துப் பார்த்தான். மெழுகு அப்படியே இருந்தது. திரும்ப வந்து கதவைச் சாத்திக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான்.

"நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

மாரீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து ஊளை இல்லையே. நேத்து என்ன செஞ்சீக?"

"மெழுகு ஊத்துனேன்."

"மெழுகு இன்னைக்கும் இருக்குன்னு பாத்துட்டு வந்தீக." அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள். "நேத்து கொடி இருந்துச்சு. வண்டிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா."

எடுத்தான். ஐம்பது. ஊளை. மாரீஸ்வரி இடது கையை ஜன்னல் வழியாக மேலே கொண்டுபோய்க் குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்தாள். ஊளை நின்றது. எடுத்தாள். ஊளையிட்டது. வைத்தாள். நின்றது. கையைக் குவித்துப் பாதி மூடினாள். அது வேறொரு குரலில் முனகியது.

"ஐயோ, அக்கா நாதஸ்வரம் வாசிக்குது!" சிசிலி சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள்.

"உக்காருடி, விழுவ. மாரி, கல்யாண மேளம் ஒண்ணு வாசி," என்றாள் சின்னத்தாய்.

மாரீஸ்வரி வாசித்தாள். பாதி மூடி, முழுதும் மூடி, திறந்து. எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே விட்டு எட்டிப் பார்த்தார். அடி மூடிய ஒரு சாண் குழாய். இத்தனை வருடமும் அவள் காதுக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. கருத்தப்பாண்டி தானே நின்று பற்றவைத்தது.

சிசிலி கைக்குட்டையை உருட்டி நீட்டினாள். மாரீஸ்வரி அதைக் குழாய்க்குள் திணித்தாள்.

அதற்குப் பிறகு எஞ்சின் மட்டும் கேட்டது. டயர் ஈரச்சாலையில் ஒட்டிப் பிரிவது கேட்டது. டிபன் பாத்திரத்துக்குள் கரண்டி உருள்வது கேட்டது. கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினான். எத்தனையோ சேர்த்து வைத்திருந்தான். எது முதல் என்று தெரியவில்லை. பின்னால் அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு..." என்றான். "இன்னைக்கு என்ன தொவையல்?"

பின் சீட்டு வெடித்தது. "இதுக்காவா ரப்பர் வாங்குனீரு!" சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுவத்துல ரெண்டு தட்டு தட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேனே. தேங்காத் தொவையல்!"

மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவன் பக்கம் திரும்பி, கத்தாமல், பக்கத்திலிருப்பவரிடம் பேசும் குரலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை தொப்பியக் கழட்டிட்டு மேல போறீகள்ல. ஒருநா என்னையும் கூட்டிட்டுப் போங்க. அவுக மாதிரி எந்திரிச்சு நின்னு கைய விரிச்சுப் பாக்கணும்."

"இத எப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கத்தியா சொல்லச் சொல்றீக?"

"நாங்களும் வாரோம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க கேக்காதீக மதினி."

"கேக்குதே. நான் என்ன செய்ய?"

கருத்தப்பாண்டி கியர் மாற்றினான். முழங்கை இடித்தது. "நாளைக்கு வேன்..." என்றான்.

"வேன் காரியத்த நாளைக்குப் பாப்போம்," என்றாள்.

மறுநாள் ஒன்றாம் தேதி. மழை இல்லை. வேன் சொன்ன நேரத்துக்கு லயத்தின் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. மாரீஸ்வரி ஜீப்பின் முன் சீட்டில் இருந்தபடி போகச் சொல்லிக் கையசைத்தாள். வேன் போனது. ஜீப் அதன் பின்னால் போனது. வண்டிப்பெரியாறில் டீசல் போட்டார்கள். மூத்த மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அடுப்படியில் ஒழுகும் தகரத்தைப் பற்றியும் பேசினார்கள். சின்னத்தாய் தகரத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னாள். சிசிலி கைக்குட்டையைத் திருப்பிக் கேட்டாள். வேறு துணி கிடைத்ததும் தருவதாகக் கருத்தப்பாண்டி சொன்னான். குமுளிக்கு வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.