முதலில் யார் இடிப்பது

எங்கள் தெருவுக்கு ரோடு போட்டார்கள் என்பது பாதி உண்மை. ரோட்டின் மேல் ரோடு போட்டார்கள். வந்த ஒப்பந்ததாரர் ஒவ்வொருவரும் பழையதைத் தொடாமல் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போனார். சிங்கவரத்திலிருந்து குடிவந்த என் நைனா, படியேறிப் போகிற மாதிரி கட்டிய வீட்டுக்குள் நாங்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஐப்பசியில் தெருத் தண்ணீர் நேராக எங்கள் கூடத்துக்கு வரும். வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு லீவு சொல்லிவிட்டு வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பேன். எதிர் வாசல்களில் நின்று 'பாவம்' என்பார்கள். சொல்லிவிட்டு டீ குடிக்க உள்ளே போவார்கள்.

அவர்கள் புத்திசாலிகள். ரோடு உயர உயர வீட்டையும் உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். உயர்ந்த வீட்டுக்குள் வண்டி ஏற வேண்டுமே, அதற்காக வாசலிலிருந்து தெருவுக்குள் சிமெண்டில் சரிவு போட்டார்கள். சறுக்கு என்போம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர் கொஞ்சம் போட்டால், கார் வைத்திருப்பவர் பாதித் தெருவை எடுத்துக்கொண்டார். காரே இல்லாத ஒருவரும், மருமகன் காரில் வந்தால் வேண்டும் என்று போட்டுவைத்தார். எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வந்து வழி தவறி நுழைகிற வெளியூர்க் கார்கள், இந்தச் சறுக்குகளுக்கு நடுவே திரும்ப முடியாமல் ரிவர்ஸிலேயே வெளியே போகும். சறுக்குகளுக்கு அடியில் ஒரு கால்வாய் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே தெரு மறந்துவிட்டது.

போன வருஷம் வார்டுக் கூட்டம் போட்டார்கள். பேரூராட்சியிலிருந்து வந்த பொறியாளர் சுருக்கமாகப் பேசினார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீழிருந்து சிமெண்ட் ரோடு, கூடவே கால்வாய். ஒரே ஒரு நிபந்தனை, சறுக்குகளை எடுத்துவிட வேண்டும். ஜேசிபியும் அவர்களே அனுப்புவார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வேலையில் இருந்த காலமெல்லாம் வந்த மனுக்களைத் திருப்பி அனுப்பியவர் என்பது ஊருக்குத் தெரியும். அவர் எழுந்தார். "கோட்டை கட்டின ஊரு இது. நம்மால ஒரு ரோடு போட முடியாதா?" என்றார், கோட்டையைக் கட்டியது தன் தாத்தா என்பது போல. கைதட்டினார்கள். அங்கேயே ஒத்துழைப்புக் குழு பிறந்தது. அவர் தலைவர். தெருமுனை மளிகைக்கடைக்காரர் பொருளாளர். வசூல் எதுவும் கிடையாது என்று முடிவான பிறகுதான் பொருளாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பின் குழு செய்த வேலை, தினமும் வாட்ஸப்பில் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பியது.

கவுன்சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இளையவள். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவள் பெயரில் நின்று ஜெயித்தது அவள் கணவன். கவுன்சிலர் யார் என்று கேட்டால் தெரு அவனைத்தான் காட்டும். மைக் அவன் கையில் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஜேசிபி வந்த காலையில் தெருவே வாசலில் நின்றது.

"எங்கேந்து ஆரம்பிக்கட்டும்?" என்று டிரைவர் கேட்டார்.

"வாஸ்துப்படி கிழக்குலேந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் அதிகாரி. அவர் வீடு மேற்குக் கோடியில் இருந்தது.

கிழக்கு முனையில் இருந்த மளிகைக்கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "முனைய ஒடச்சிட்டா மீதி வண்டிங்க எப்படி உள்ள போவும்? உள்ளேந்து வரட்டும் சார்."

தெரு நடுவில் வீடு இருந்தவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். "எங்க பொண்ணு மாசமா இருக்குது. அந்த மாதிரி வீட்ல எதையும் இடிக்கக்கூடாது." அந்தப் பெண் இருந்தது பெங்களூரில், புருஷன் வீட்டில்.

இப்படியே வெயில் ஏறியது. டிரைவர் வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆரம்பித்தார். மதியத்துக்கு மேல் திண்டிவனம் ரோட்டில் வேறு வேலை இருக்கிறது, போய்விடுவேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் மொதல்ல விட்டாத்தானே அடுத்தவங்க விடுவாங்க" என்றேன்.

மளிகைக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாம்மா, உன் வீட்டுக்குச் சறுக்கே இல்ல. ஊரான் வாசல இடிக்கச் சொல்றதுக்கு நீ யாரு?"

"இந்த அம்மா வீட்ல தண்ணி போவக்கூடாதுன்னுதான் ரோடே வருதுன்னு ஒரு பேச்சு இருக்குது" என்றார் அதிகாரி, மனுவைத் திருப்பி அனுப்புகிற குரலில்.

வருஷாவருஷம் என்னைப் பார்த்துப் 'பாவம்' சொன்ன வாய்கள் எல்லாம் மூடியே இருந்தன. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. போகவில்லை. நான் போனால் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

யாரோ கவுன்சிலரின் கணவனுக்குப் போன் போட்டார்கள். விழுப்புரத்தில் கட்சிக் கூட்டத்தில் இருந்தான், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டதில் அவள் வந்தாள். ஸ்கூட்டரில், ஈரத் தலையோடு, வீட்டில் கட்டுகிற புடவையில்.

"அவரு வரலியா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

"அப்ப அவரு வந்தப்புறம் பேசிக்கலாம்."

அவள் நேராக என்னிடம் வந்தாள். "இன்னாக்கா பிரச்சன?" நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து தெருமுனையில் நின்றாள். அங்கே, கால்வாய் தொடங்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிய கட்சிக் கொடிமேடை ஒன்று இருந்தது. அவள் கணவன் கட்டியது. அதில் கட்சித் தலைவர் பெயரை விட அவன் பெயர் பெரிதாக இருக்கும்.

"அண்ணே, மொதல்ல இத எடுங்க" என்றாள் டிரைவரிடம்.

அவர் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அம்மா, இது உங்க வீட்டுக்காரரு வச்சது."

"தெரியும், பேரு போட்டிருக்குது. கால்வா மேல இருக்குது, எடுங்க."

"அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கவுன்சிலர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

கூட வந்த ஆட்கள் கம்பத்தைப் பிடுங்கினார்கள். கொடியை அவளே வாங்கி, மடித்து ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மேடை உடைந்து விழ அதிக நேரம் ஆகவில்லை. அதிகாரி செல்போனை எடுத்தார். யாருக்கென்று அவருக்கே தெரியவில்லை போல, திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, அடுத்தது உங்களுது" என்றாள் மளிகைக்கடைக்காரரிடம்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். உதவிக்கு எவரும் வரவில்லை. "மூட்டைங்கள உள்ள எடுத்து வச்சிக்கிறேன்" என்றார்.

டிரைவர் திண்டிவனம் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாச் சறுக்கும் போய்விட்டது. அதிகாரி டேப்பும் கையுமாக நின்று, தன் சறுக்கில் எவ்வளவு போனதோ அவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகிறதா என்று அளந்துகொண்டிருந்தார். ஒத்துழைப்புக் குழுவின் தலைவராக அவர் செய்த ஒரே களப்பணி அது.

ரோட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். சொன்னபடி சுரண்டி எடுத்து, கால்வாய் கட்டி, ஒழுங்காகவே போட்டார்கள். சிமெண்ட் இறுகும் வரை தண்ணீர் விடுவது தெருக்காரர்கள் பொறுப்பு. விட்டார்கள், அவரவர் வீட்டு அகலத்துக்கு மட்டும். பூட்டிக் கிடந்த வீட்டு வாசலுக்கு நானும், ரோட்டு வேலைக்கும் வந்திருந்த ஜேசிபி டிரைவரும் ஊற்றினோம். மழை வந்தபோது தண்ணீர் கால்வாயில் இறங்கிப் போனது. கூடம் காய்ந்து கிடந்தது. லீவு போட்டிருந்த நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழா வைத்தார்கள். பந்தல், நாதஸ்வரம், கேசரி. கவுன்சிலரின் கணவன் ரிப்பன் வெட்டினான். அவள் கத்திரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார்கள். "மொத ஆளா நானே முன்வந்து என் சறுக்க இடிக்கச் சொன்னேன்" என்று அவர் பேசினார். அன்று நேரில் நின்று பார்த்தவர்கள்தான் கைதட்டினார்கள். மளிகைக்கடைக்காரர் எல்லோரையும் விட பலமாகத் தட்டினார். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவளிடம் போனேன்.

"அன்னிக்கு வீட்ல இன்னா சொன்னாரு?"

கத்திரிக்கோல் தட்டைத் துடைத்துப் பையில் போட்டாள். "ஒண்ணும் சொல்லலக்கா. கொஞ்ச நாளு பேசாம இருந்தாரு." அவன் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்துது."

பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் அவளுக்காகப் பந்தல் காலருகே காத்திருந்தார்கள். அவர்கள் தெருவிலும் கால்வாயைக் காணவில்லையாம். பையை என் கையில் கொடுத்துவிட்டு அவர்களோடு நடந்தாள்.