கார் ஏறும் வீடு

சந்தனமாரியை நான் தினம் இரண்டு தடவை தூக்கியிருக்கிறேன். காலையில் இறக்க, சாயங்காலம் ஏற்ற. இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் மாடியில் இருந்தது, பதினெட்டுப் படி. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவள் அவள். கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் அவளுக்குக் கால். 2005இல் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தாள். என் தோளில் தொங்கும்போது ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. அவ்வளவு கூச்சம். ஒரு தடவை கையூன்றித் தானே இறங்கிப் பார்த்து, ஆறாவது படியில் உருண்டாள். வார்டன் ஒரு மாதம் கெடு வைத்துவிட்டாள். வேறு வீடு பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு ஊருக்குப் போக வேண்டும்.

படியில்லாத வீடு என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "மூணே படிதாம்மா. தூக்கிவுட ஆள் கீதுல்ல?" கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என்ன அரிசி மூட்டையா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். வாடகை வீட்டு வெப்சைட்டில் பூஜை அறைக்கு ஒரு கட்டம், போர் தண்ணீருக்கு ஒரு கட்டம். வாசலில் எத்தனை படி என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. அதைச் செய்தவனுக்கு முட்டி நன்றாக மடங்கும்போல.

சந்தனமாரி திரையை முறைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று 'கார் பார்க்கிங்' கட்டத்தில் டிக் அடித்தாள்.

"உனக்கு ஏதுட்டி காரு?" என்றேன்.

"ஏட்டி முத்துச்செல்வி, காரு படியேறுமா?" என்றாள்.

ஏழு வீடு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஆறு பேர் போனை வைத்துவிட்டார்கள். ஏழாவது, பென்னலூர் அப்பாவுவின் வீடு. அவரிடம் போனில் ஒன்றும் சொல்லாமல் நேரே போய் நின்றோம். "இன்னாம்மா, காரு எங்க?" என்று அவர் தெருவை எட்டிப் பார்த்தார். அவள் கார் ஏறுவதற்குப் போட்ட சரிவில் வண்டியை ஏற்றினாள். வாசலை ஒட்டி நிறுத்தி இறங்கி, கையூன்றி நகர்ந்து பாத்ரூம் வரை பார்த்துவிட்டு வந்தாள். அப்பாவு தலையைச் சொறிந்தார். "சரி, இருந்துக்க. மாடிக்கு ஒரு ஆபீசர் வர்றாரு, காரு இங்கதான் நிக்கும்."

அவள் குடிபோன கொஞ்ச நாளில் ஆபீசர் வந்தார். காரைச் சரிவை அடைத்து நிறுத்திவிட்டு மாடியேறிப் போனார். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவள் வண்டியோடு உள்ளே மாட்டிக்கொண்டாள். அப்பாவுவிடம் சொன்னால், "சொல்றேம்மா." அவ்வளவுதான். மூன்று நாள் லேட். இன்னொரு நாள் லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை அவளைக் கூட்டிப்போக நான் தெருவில் நின்றிருந்தேன். கார் அதே இடத்தில். அவள் வண்டி மணியை அடிக்க ஆரம்பித்தாள். நாய் குரைத்தது, எதிர்வீடு விழித்தது. அப்பாவு லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னாம்மா ரோதனை? அவரு தூங்கினுகீறாரு. இரு, ரெண்டு பேரைக் கூப்டு உன்னத் தூக்கிவுடச் சொல்றேன்."

"என்னைய எதுக்குத் தூக்கணும்? காரைத் தூக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

மாடியில் லைட் எரிந்தது. ஆபீசர் சாவியோடு இறங்கி வரும்வரை அவள் மணியை நிறுத்தவில்லை.