நடுரோட்டில் ஒரு வரப்பு

ரெத்தினம் கடைத்தெரு முக்கை ஒருநாளும் ஒரே மூச்சில் கடந்ததில்லை. வலப்பக்கம் பார்த்துப் பாதி. நடுவில் நிற்பார். இடப்பக்கம் பார்த்து மீதி. போன பங்குனியில், எண்பத்துநாலு வயதில் இறக்கும்வரை அப்படித்தான். அந்த நடு இடமே அவர் போட்டது.

சாலை வேலைக்கு வருமுன் அவர் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாய்க்காலில் தண்ணீர் முறை விட்டுக்கொண்டிருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதே அவர் வேலை. கழக ஆட்சியில் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. எந்த வயலை யார் உழுகிறார் என்று தாசில்தார் விசாரிக்க வந்தார். எல்லாம் என் சொந்தச் சாகுபடி என்றார் மிராசுதார். ரெத்தினத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“பன்னெண்டு வருஷமா அந்த வயலுக்குத் தண்ணி வைக்கக் கண்ணுசாமிதான் மம்பட்டியோட வருவாருங்க. வேற ஆளை நான் பாத்ததில்ல.”

குத்தகைதாரராகக் கண்ணுசாமியின் பெயர் பதிவாயிற்று. ரெத்தினத்தின் வேலை போயிற்று. மனைவியையும் கைக்குழந்தை மலர்கொடியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். நகராட்சியில் சாலைக் கூலியாகச் சேர்ந்தார்.

அது எழுபத்துநாலாம் வருஷம். முக்கில் ஒருபக்கம் பஸ் ஸ்டாண்டு. எதிர்ப்பக்கம் சந்தையும் ஆஸ்பத்திரியும். நடுவே நாற்பதடிச் சாலை. அறுவடைக் காலத்தில் நெல் வண்டி, வைக்கோல் வண்டி, பஸ், லாரி எல்லாம் அதில்தான். கீரை விற்கும் காளியம்மாள் குறுக்கே போகையில் லாரி இடித்துக் கால் முறிந்தது. அந்த மாதத்தில் அவர் மூன்றாவது ஆள். ஆள் குறுக்கே போவதால்தான் விபத்தும் நெரிசலும் என்று முடிவு செய்து, வாய்க்கால் பாலம்வரை இரும்புக் குழாய் வேலி போட உத்தரவானது. அப்புறம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போக, பாலம்வரை நடந்து மறுபக்கம் திரும்பி வர வேண்டும். அரை மைல்.

வேலிக்குக் குழி தோண்ட ரெத்தினத்தை அனுப்பினார்கள். காளியம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“குழி தோண்ட நீயே வந்தியா, தம்பி? எனக்கும் சேத்து ஒண்ணு தோண்டிரு. அரை மைலு நடந்தா நான் அதுலதான் விழணும்.”

ரெத்தினம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஓவர்சியர் கோவிந்தராசுவிடம் போனார்.

“சார், நாளைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் எங்கிட்ட விடுங்க. ஆளையும் வண்டியையும் முறை வச்சு விட்டுப் பாக்குறேன்.”

“வாய்க்கால்னு நெனச்சியா?”

“தள்ளுமுள்ளு ரெண்டுலயும் ஒண்ணுதான் சார்.”

“கோளாறாச்சுன்னா வேலியும் வரும், நீயும் மறுநாள்லேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

“வரல சார்.”

மறுநாள் சந்தை. ஓவர்சியர் சொன்னதால் காவலர் ஒதுங்கி நின்றார். ரெத்தினம் சிவப்புத் துணியோடு நடுச்சாலைக்குப் போனார்.

தண்ணீர் முறையில் ஒரு வழக்கம் உண்டு. கடைமடை வயல் நிரம்பும்வரை தலைமடையைத் திறக்கக் கூடாது. திறந்தால் மேலே இருப்பவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். ரெத்தினம் அதையே இங்கும் செய்தார். கடைசி ஆள் கடக்கும்வரை துணியை இறக்கவில்லை. வயல் என்றால் ஒருநேரம் நிரம்பும். சந்தைநாள் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அரைமணியில் வண்டிகள் வாய்க்கால் பாலம்வரை நின்றுவிட்டன.

“யோவ், மாயவரம் போறவங்கல்லாம் எறங்கி நடந்தே போய்ட்டாங்கய்யா!” என்று பஸ் டிரைவர் காயாரோகணம் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“போதும் ரெத்தினம்,” என்றார் ஓவர்சியர்.

“பன்னெண்டு மணிவரைக்கும் காலைதானே சார்?”

ஓவர்சியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வாட்ச்சைப் பார்த்தார்.

வண்டிகளை விட்டு நெரிசல் தீர்ந்ததும் ரெத்தினம் காளியம்மாளைக் கூப்பிட்டார். “அக்கா, ஒருதரம் கடந்து காட்டுங்க. அவசரப்படாதீங்க.” காளியம்மாள் நடக்க நடக்க அவர் எண்ணினார். இருபதில் பாதிச் சாலை வந்தது. அங்கே காளியம்மாள் மூச்சு வாங்க நின்றார்.

ரெத்தினம் அந்த இடத்தையே பார்த்தார். சேற்று வயல்களை யாரும் ஒரே மூச்சில் தாண்டுவதில்லை. ஒன்றைத் தாண்டி வரப்பில் ஏறி நிற்பார்கள். பிறகு அடுத்தது.

தோண்டிய மண்ணைச் சாக்குகளில் அள்ளினார். கூலியாட்கள் கைகொடுத்தார்கள். நடுச்சாலையில் நாலடி அகலத்துக்கு நீளமாக அடுக்கி, வேலிக் குழாய்களை இரண்டு ஓரத்திலும் அணையாகக் கொடுத்தார். ஆள் கடக்க இனி ஒருபக்கம் மட்டும் நின்றால் போதும், அதுவும் இருபது எண்ணும்வரை. மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். இருபது முடிந்தால், ஆள் மிச்சம் இருந்தாலும் வண்டியின் முறை.

பதினோரு மணிக்கு ஒரு கார் வந்து ஹார்ன் அடித்தது. உள்ளே பழைய மிராசுதார்.

“டேய் ரெத்தினம், தொறடா!”

“உங்க முறை வருதுங்க. இன்னும் எட்டு எண்ணணும்.”

சத்தமாகவே எண்ணினார். பாதி தாண்டி வரப்பில் நின்ற காளியம்மாள் குரல் கொடுத்தார்: “பதினேழ ரெண்டு தரம் எண்ணு தம்பி!”

கூட்டம் சிரித்தது. ரெத்தினம் ஒருதரம்தான் எண்ணினார். இருபது வந்ததும் துணியை இறக்கினார். கார் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு ஓவர்சியர் பாலத்தின் பக்கம் பார்த்தார். ஒரு வண்டியும் தேங்கி நிற்கவில்லை. “குழியை மூடிரு,” என்றார். “நாளைக்கு வேலைக்கு வா.”

அடுத்த மாதம் சாக்குகளின் இடத்தில் சிமெண்டுத் திட்டு வந்தது. ஊர் அதை ரெத்தினம் வரப்பு என்றது. மலர்கொடி பொறியியல் படித்து நெடுஞ்சாலைத் துறைக்குப் போனாள். ஆள் கடக்கும் நேரத்தை மெதுவாக நடப்பவரை வைத்தே கணக்கிட வேண்டும் என்று படிப்பின் நாலாம் ஆண்டில் பாடம் வந்தது. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

போன பங்குனியில் ரெத்தினத்தின் பாடை முக்குக்கு வந்தபோது காவலர் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்த ஓடினார். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. மலர்கொடி அங்கேயே நின்றாள்.

“ஒருபக்கம் போதும் சார். அப்பா முறைப்படியே போவாரு.”

பாதி கடந்து வரப்பில் நின்றார்கள். முன்னால் ஒரு பஸ் போயிற்று, ஒரு நெல் லாரி போயிற்று. காவலர் மறுபக்க வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். மலர்கொடி எண்ணத் தொடங்கினாள். இருபது வருமுன்பே அப்பா அக்கரை சேர்ந்துவிட்டார்.