சித்தப்பாவின் மரண அறிவித்தல்

சித்தப்பா இறந்துபோனதை நாங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், ஈஸ்ட் ஹாம் வீட்டின் முன்னறை. நவம்பர் மாதம் தெருவின் வெளிச்சத்தை நேரத்தோடு சுருட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா சாரத்தோடு சோபாவில் சம்மணம் கட்டியிருந்து மட்டன் ரோல் தின்றுகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் குத்துவிளக்கு. பின்னால் புல்லாங்குழல். அந்தக் குழலோசை கேட்டால் லண்டன் தமிழ் வீடுகளில் சோறு பரிமாறும் கை அந்தரத்தில் நின்றுவிடும், யாரோ, எவரோ என்று.

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட…" என்று தொடங்கியது குரல். பிறகு சித்தப்பாவின் முழுப்பெயர். அவருடைய சொந்தப் பெயர்.

அம்மா குசினியிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்து, படத்தைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"தம்பி! என்ன இது கோதாரி?"

"நாடகம் அண்ணி," என்றார் வாய்நிறைய ரோலோடு சித்தப்பா. "எப்பிடி? மாலை வடிவாய் இருக்கு, என்ன?"

நாடகம்தான். கிழமை நாட்களில் மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டிய என் சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமைகளுக்காக எழுதி நடித்த பகிடித் தொடர். ஒன்றுமே நடக்காத ஊரில் செய்தி தேடி அலையும் ஒரு சின்னச் செய்தி அலுவலகத்தின் கதை. எங்கள் தமிழ்த் தொலைக்காட்சி ஒரு பண்டகசாலையின் மேல்மாடியில் இருந்தது. அங்கே இருந்ததெல்லாம் ஒரே ஒரு மேசை. உண்மைச் செய்தியும் அந்த மேசையில்தான், மரண அறிவித்தலும் அந்த மேசையில்தான், சித்தப்பாவின் பகிடியும் அதே மேசையில்தான். குரல்கூட ஒன்றுதான், மெய்யான சாவுகளை வாசிக்கும் மனிதரே இந்தப் பொய்ச் சாவையும் வாசித்தார், அதே கனத்தோடு, அதே இடங்களில் மூச்சு விட்டு.

அந்த வாரக் கதை இது: அலுவலகம் உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்துவிட்டார் என்று அறிவித்துவிடுகிறது. இரண்டாம் பாதியில் அந்த ஆளே வாசலில் வந்து நின்று, "செத்தவன் நான்தான், சொல்லுங்கோ!" என்று சண்டைக்குப் போகிறார்.

"உம்மட பேரை ஏன் போட்டனீர்?" அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"வேற பேர் போடேலுமே? என்ன பேரை யோசிச்சாலும் அந்தப் பேரிலை லண்டனிலை ஒருத்தர் இருக்கிறார். நாளைக்கு வந்து கதவிலை நிப்பார். என்ர பேர் எண்டால் ஆர் கேக்கிறது?"

இரண்டாம் பாதிக்கு முன்னால் விளம்பரம் வந்தது. நகைக்கடை, சேலைக்கடை, மறுபடியும் நகைக்கடை, முடிவில்லாமல் தங்கம். அந்தத் தங்கத்துக்குள்தான் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நாடகத்தின் மிச்சத்தை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டு இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் அழைப்பைச் சித்தப்பாவே எடுத்தார். "ஓம் அக்கா, நான்தான் கதைக்கிறன்… இல்லை அக்கா, சாகேல்லை…" எதிர்ப்பக்கத்தில் ஒரு கிறீச்சிடல், பிறகு ஏதோ விழுந்து உடையும் சத்தம். சித்தப்பா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு ஒன்பது வயது. சிரிக்கும் ஆள் பக்கம் சாய்கிற வயது. கனடாவிலிருந்தும் அழைத்தார்கள். அப்டன் பார்க்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும், செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று சோற்றுச் சட்டியோடு வந்தே விட்டார்கள். கதவைத் திறந்த சித்தப்பா சட்டியைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "உப்புப் போதுமோ?" என்று கேட்டார். வந்த மனுசி படியிலேயே குந்திவிட்டாள்.

"பகிடிக்கும் ஒரு அளவு வேணும் தம்பி," என்றாள் அம்மா. பிறகு அவள் முகம் மாறியது. "பெரியண்ணை பாத்திருப்பாரோ?"

சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

பெரியப்பா தென்லண்டனில், நோர்பரியில் இருந்தார். அன்று வேலையில் இருந்த என் அப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும் மூத்தவர். இருவரையும் இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர். அவருக்குக் கொஞ்சம் திக்கும். ஆங்கிலத்தில் இன்னும் கூடுதலாகத் திக்கும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கலைவிழா மேடையில் சித்தப்பா, கவுன்சில்காரனோடு தொலைபேசியில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு மனிதனாக நடித்தார். மண்டபம் சிரித்து உருண்டது. முன்வரிசையிலிருந்த பெரியப்பா எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து தம்பியோடு ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கும் வரமாட்டார், சித்தப்பா எங்களோடு இருந்தபடியால்.

சித்தப்பா அந்த இலக்கத்தை எங்கும் பார்க்காமலே அழுத்தினார். பெரியம்மாதான் எடுத்திருக்க வேண்டும். "இல்லை அண்ணி, நான் நல்லாய் இருக்கிறன்… அண்ணையைக் கூப்பிடுங்கோ… எப்ப வெளிக்கிட்டவர்?"

ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "வாறாராம். வேலை உடுப்போடையே ஓடிட்டாராம். அழுதுகொண்டு போனவராம்." அப்போது அவர் முகத்தில் வந்த ஒளியை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. "அண்ணி, எனக்காண்டி அழுதவராம்!"

அதன்பிறகு வீடு ஒரு கல்யாண வீடு. சித்தப்பா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டார். தலையை வாரி இழுத்தார். "அண்ணைக்குத் தேத்தண்ணி சாயம் கூட வேணும்," என்று அம்மாவுக்குச் சொன்னார். வீட்டு நடையில் அங்குமிங்கும் நடந்தபடி, "அண்ணை, என்னை மன்னியுங்கோ," என்று பல குரல்களில் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. அழுத்தி, மெலித்து, முகத்தைத் தொங்கப்போட்டு. பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப்போல உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

மணி அடித்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். காவலாளிச் சீருடை, மழைத்தூறல், கண் சிவந்த பெரியப்பா. முழந்தாளிட்டு என்னைக் கட்டிப்பிடித்து என் தலைமயிருக்குள் முகம் புதைத்து அழுதார். ஒரு பெரிய மனிதரின் முழுப் பாரமும் என் தோளில். "எ… எங்கை பிள்ளை அவனை வச்சிருக்கினம்?"

எனக்குப் பின்னால் சித்தப்பா வந்து நின்றார். கைகளை விரித்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. பயத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்றுதான் வந்தது.

"செத்தவன் நான்தான், சொல்லுங்கோ!"

பெரியப்பா எழுந்தார். தம்பியின் கன்னத்தைத் தொட்டார், தோளைத் தொட்டார், நெஞ்சில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். இதோ கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை எடுத்தார். சித்தப்பாவைக் கடந்து, நடையைக் கடந்து, குசினியைக் கடந்து, பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குள் போனார். சுவரோரத் தண்ணிக்குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, சீருடையோடு, சப்பாத்தோடு, அந்தக் குளிரில், தலையில் ஊற்றிக்கொண்டார். மறுபடி நிரப்பினார். மறுபடி ஊற்றினார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? குளிருது அண்ணை!" என்று சிரித்தபடி பின்னால் போன சித்தப்பா, பாதி வழியில் நின்றார். குசினித் தரையில் அப்படியே குந்திவிட்டார்.

"ஐயோ வேண்டாம் அண்ணை!" என்று அம்மா கத்தினாள். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு முழுகாதேங்கோ!"

செத்தவீட்டுக்குப் போனவர்கள்தான் அப்படித் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதும், மூச்சோடு இருப்பவனுக்காக ஊற்றினால், ஊற்றியவருக்கு அவன் அன்றோடு இல்லை என்பதும் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். பெரியப்பா அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை என்பதும் பிறகு தெரிந்ததுதான். சித்தப்பாவின் பகிடித் தொடரும் அந்த வாரத்தோடு நின்றுபோனது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து நாடகத்தின் இரண்டாம் பாதியை நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா சித்தப்பாவைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

துவாயை எடுத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து தெருவுக்குப் போகும் பக்கக் கதவு வரைக்கும் அவர் பின்னால் ஓடினேன். "குனியுங்கோ பெரியப்பா, தடிமன் பிடிக்கும்." அவர் சொன்னபடி குனிந்தார். காதுக்குப் பின்னாலும் துடைத்துவிட்டேன். பல் கிட்டிக்கொண்டிருந்தது அவருக்கு.

"அடுத்த ஞாயிறும் வாங்கோ. மிச்சக் கதை போடுவினம்."

என்னைப் பார்த்தார். "ஓ… ஓம் பிள்ளை," என்றார். தெருவிளக்குகளுக்குக் கீழே நீர் சொட்டச் சொட்ட நடந்து போனார்.

நான் உள்ளே ஓடினேன். சித்தப்பா இன்னும் தரையிலேயே இருந்தார். அம்மாவின் தேத்தண்ணி மேசையில் ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, பெரியப்பா அடுத்த ஞாயிறு வாறாராம்! என்னட்டைச் சொன்னவர்!"

அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல செய்தி அல்லவா கொண்டுவந்திருந்தேன்.